ஒட்டு இல்லாத கார்டு

மார்ச் 4, செவ்வாய்
காலை 10.40
பதினேழாவது முறை

அண்ணா,

பதினேழு முறை கார்டைக் கழற்றி மாட்டிவிட்டேன். பதினேழு முறையும் அதே சிவப்பு விளக்கு, அதே சிமிட்டல். நலம் விசாரிக்க எழுதவில்லை. வேலை விஷயம். நீ என் போனை எடுப்பதில்லை. நேற்று அண்ணிதான் எடுத்தார். "அவர்கிட்ட பேசினா கேக்க மாட்டார் தம்பி, எழுதினா படிப்பார்" என்று சொல்லி நீ வேலை செய்யும் விடுதியின் முகவரியைக் கொடுத்தார். அதனால்தான் இந்தக் காகிதம்.

பால் ஆலையின் கட்டுப்பாட்டு அறைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. பழையதை நிறுத்தக் கூடாதாம். ஒரு மாதம் இரண்டும் சேர்ந்து ஓட வேண்டுமாம். புதியதை லைனில் சேர்க்க ஒரு கார்டு, அந்தக் கார்டுக்கு ஓர் எண். இவ்வளவுதான் வேலை. அரை நாளில் முடியும் என்று எழுதிக் கொடுத்தேன். இன்று நான்காவது நாள்.

புது மானேஜர் பின்னாலேயே நிற்கிறார். அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. ஒரே கேபிளில் பதினெட்டுப் பெட்டிகள் தொங்குகின்றன, வால்வுக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று என்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒரே எண்ணில் இரண்டு பேர் வந்தால் முதலில் எழுந்தவன் பேசுவான், அடுத்தவன் வாயை மூடிக்கொண்டு சிவப்பாகச் சிமிட்டுவான் என்றேன். "அப்படின்னா வீட்டுல அண்ணன் தம்பி மாதிரி" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பட்டியலில் காலியாக இருப்பது இரண்டே எண்கள். 3, 14. இருபதுக்கு மேல் எதையும் இந்த லைன் கூப்பிடாது, அப்படி நீதான் வரம்பு வைத்திருக்கிறாய். அதை உயர்த்த உன் கடவுச்சொல் வேண்டும். 3 போட்டால் சிமிட்டுகிறது. "14 சும்மாத்தானே கிடக்கு, போட்டுத் தொலைங்களேன்" என்கிறார் மானேஜர். அவர் இங்கே வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. நான் மறுபடியும் 3 போட்டேன்.

கடவுச்சொல்லை அனுப்பு. 3-இல் யார் இருக்கிறார்கள் என்றும் எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

தம்பி

*

மார்ச் 9, ஞாயிறு

அவசரக்குடுக்கைக்கு,

மூன்றாவது முறை சிமிட்டியபோதே கார்டை விட்டுவிட்டுப் பட்டியலைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நீ இன்னும் பதினான்கு முறை கார்டையே சந்தேகப்பட்டிருக்கிறாய். மாறவில்லை. ஒருவிதத்தில் சந்தோஷம்.

3-இல் எடை மேடை இருக்கிறது. நான் வேலையை விட்டு நீக்கப்படுவதற்கு முந்தைய வாரம் சேர்த்தேன். கையால் எழுதிய மூலப் பட்டியலை விபத்து விசாரணைக்காரர்கள் எடுத்துப் போனார்கள். உங்கள் கதவில் இருப்பது அதற்கு முந்தைய நகலாக இருக்கும்.

கடவுச்சொல் எனக்கு நினைவில்லை. உண்மையாகவே இல்லை. அம்மாவின் பீரோவில் மேல்தட்டில், பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் பச்சை அட்டை நோட்டு ஒன்று இருக்கும். மூன்றாம் பக்கம். மற்ற பக்கங்கள் உனக்குத் தேவைப்படாது.

இங்கே எனக்கு வேலை தண்ணீர் மோட்டார் போடுவது. காலையில் போடுகிறேன், தொட்டி நிறைந்ததும் அணைக்கிறேன். இருப்பது ஒரே ஸ்விட்ச். அதற்கு எண் கிடையாது. முந்நூறு பிள்ளைகள் குளிக்கிறார்கள். யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. அண்ணிக்கு இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, முடி கொட்டுகிறது என்கிறாள்.

வேறு ஒன்றும் எழுத வேண்டாம் என்றாய். ஒன்றே ஒன்று எழுதுகிறேன். விசாரணையில் நீ எழுந்து, "கார்டு போட்டது அவர்தான், எண்ணைப் பார்த்துட்டுத்தான் போட்டிருக்கணும்" என்று சொன்னது தப்பில்லை. சரியான பதில். அந்த அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள், அவர்களில் யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லியிருக்கலாம்.

மின்வேலை லைசென்ஸ் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. ஏப்ரல் 2 கடைசி விசாரணை. புதிதாக எதுவும் சொல்ல இல்லையென்றால் நிரந்தர ரத்து. நான் போகவில்லை. மோட்டார் போட லைசென்ஸ் வேண்டாம்.

அண்ணன்

*

மார்ச் 13, வியாழன்
மாலை 5.15

அண்ணா,

கடவுச்சொல் வேலை செய்தது. வரம்பை 30 ஆக்கினேன். புதுக் கம்ப்யூட்டருக்கு 21. பச்சை விளக்கு ஆடாமல் நிற்கிறது. மானேஜர் கைகொடுத்தார். கை ஈரமாக இருந்தது.

நோட்டில் மூன்றாம் பக்கம் மட்டும்தான் பார்த்தேன்.

விசாரணையைப் பற்றி எழுதியிருந்தாய். கேட்டார்கள், சொன்னேன். பால் குழாய்களைக் கழுவும் வெந்நீர் வால்வின் பெட்டிக்கு அப்போது எண் 14 (விபத்துக்குப் பிறகுதான் மாற்றினார்கள்), கம்ப்யூட்டரில் நீ போட்ட கார்டும் 14. கார்டு முந்திக்கொண்டது, பெட்டி வாயை மூடிக்கொண்டது, வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது. ஆப்பரேட்டர் மூடச் சொல்லி அழுத்தியதும் திரை 'மூடியது' என்று பச்சை காட்டியது. அது நாம் கொடுத்த கட்டளையைக் காட்டும், வால்வைக் காட்டாது. அந்தப் பச்சையைப் பார்த்து, தொட்டி கழுவும் நம் தொட்டி அக்கா குழாய் மூட்டைக் கழற்றினார், வெந்நீர் வலது கையில் கொட்டியது. இதில் பொய் எங்கே இருக்கிறது? நீ ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தால் நானும் யோசித்திருப்பேன். "நான்தான் போட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாய். அன்று சாயங்காலமே துணிப் பெட்டியைக் கட்டி ஊரை விட்டுப் போனாய். இரண்டு வருஷமாக அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னைக் கேட்கிறாள், "அவன் ஏதாவது சொன்னானா?" என்று. நான் என்ன தபால்காரனா?

சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். தொட்டி அக்காவைக் கேட்டில் உட்காரவைத்திருக்கிறார்கள். உள்ளே போகிறவர்களுக்குச் சீட்டு எழுதுகிறார். இடது கையால். என் பெயரைத் தினமும் அவர் எழுத நான் நின்று பார்க்கிறேன். மெதுவாக எழுதுவார். பின்னால் வரிசை நிற்கும். நேற்றுச் சீட்டைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"உங்க அண்ணன் ஒட்டு ஒட்டாம ஒரு சாமானையும் வைக்க மாட்டாரே தம்பி. கழுவின தொட்டிக்குப் போடற டேப்பை என்கிட்டதானே வாங்கிட்டுப் போவார். அன்னிக்கு மட்டும் அது எப்படி விட்டுப் போச்சு?"

தெரியாது என்றேன். சீட்டைக் கொடுத்துவிட்டார்.

கடவுச்சொல்லுக்கு நன்றி.

தம்பி

*

மார்ச் 17, திங்கள்

தம்பி,

அவர் வேறு என்ன கேட்டார்? விரல்கள் மடங்குகின்றனவா? வலி இருக்கிறது என்று சொன்னாரா? எழுது.

21 நல்ல எண்தான்.

நோட்டை எனக்கு அனுப்பிவிடு. உனக்கு வேண்டியதை எழுதிக்கொண்டிருப்பாய். பதிவுத் தபாலில் அனுப்பு. இந்த வாரமே. அம்மாவிடம் கொடுத்து வைக்காதே.

அண்ணன்

*

மார்ச் 21, வெள்ளி
மதியம் 1.05, கட்டுப்பாட்டு அறை

அண்ணா,

பத்து வரிக் கடிதத்தில் ஐந்து வரி நோட்டைப் பற்றி. உனக்கு ஒளிக்கத் தெரியாது. பீரோவில் வைத்ததை விட்டுவிட்டு இரண்டு வருஷம் கேட்காமல் இருந்தவனுக்கு இப்போது பதிவுத் தபால் வேண்டுமாம்.

பார்த்தேன். பதினொன்றாம் பக்கம். உன் கையெழுத்து:

'ஆகஸ்ட் 21. உதிரிக் கார்டு, தம்பி, மேஜைச் சோதனை, எண் 14, அரை மணி. திருப்பி வைத்துவிட்டான். ஒட்டு?'

விபத்து ஆகஸ்ட் 22.

முதலில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவினேன். பிறகு உட்கார்ந்து அந்தச் சாயங்காலத்தை வரிசையாக எடுத்துப் பார்த்தேன், கோளாறு தேடுகிற மாதிரி.

கார்டு நன்றாக இருக்கிறதா என்று தனி மேஜையில் வைத்துச் சோதித்தேன். லைனில் சேர்க்கவில்லை, அதனால் எந்த எண்ணும் ஒன்றுதான். கைக்கு வந்தது 14. சோதனை முடிந்தது. எண் கார்டின் நினைவிலேயே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஸ்டோருக்குத் திரும்பும் கார்டில் டேப் ஒட்டி எண் எழுத வேண்டும், டேப் இல்லாத கார்டு என்றால் பெட்டி பிரிக்காத புதுசு, எண் 99 என்று அர்த்தம். நீ வைத்த விதி. அதுவும் தெரியும். ஸ்டோர்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். எல்லாவற்றுக்கும் ரசீது கேட்பவர், நாம் 'ரசீது' என்று கூப்பிடுவோமே, அவர். அவர் இருந்திருந்தால் டேப் இல்லாமல் வாங்கியிருக்க மாட்டார். எனக்கு ஐந்தே முக்கால் பஸ். நானே அட்டைப் பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு ஓடினேன். பஸ் பத்து நிமிடம் தாமதமாக வந்தது. அதுவும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை கம்ப்யூட்டரின் கார்டு போய்விட்டது. அலமாரியில் ஒட்டு இல்லாத ஒரு கார்டு. எடுத்தாய்.

விசாரணையில் 14 என்று அவர்கள் சொன்னபோது எனக்கு உறைத்ததா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். உறைத்தது என்றும் சொல்ல முடியவில்லை. உறைக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. எழுந்து நின்றேன், வாய் தானாகப் பேசியது. அவ்வளவுதான் ஞாபகம்.

நீ அப்போதே தெரிந்து வைத்திருக்கிறாய். அந்த ஒன்பது பேருக்கு நடுவில் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஏன் சொல்லவில்லை? யார் உன்னைக் கேட்டார்கள், எனக்காக இதைச் செய் என்று? இரண்டு வருஷம் நான் உன்மேல் கோபமாக இருந்தேன். அதுவாவது என் சொந்தம் என்று நினைத்தேன்.

நோட்டை அனுப்ப மாட்டேன்.

தொட்டி அக்காவுக்குச் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மடங்குவதில்லை. மற்றவை பாதி. வலி பற்றிச் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

தம்பி

*

மார்ச் 25, செவ்வாய்

தம்பி,

மூன்று நாள் இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்றுத் தொட்டி வழிந்து விடுதிக் கூடம் முழுக்கத் தண்ணீர். வார்டன் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரே ஸ்விட்ச், அதையும் அணைக்க மறந்தேன்.

உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்படி நீ நினைப்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பதினொன்றாம் பக்கத்தில் நீ உன் பெயரைப் பார்த்தாய். நான் பார்ப்பது கடைசியில் இருக்கும் கேள்விக்குறியை. நீ மேஜையில் 14 போட்டுச் சோதித்ததைப் பார்த்திருந்தேன். அன்று மாலை ஸ்டோர் வழியாகப் போனேன். அட்டைப் பெட்டி இடம் மாறியிருந்தது. டேப் ஒட்டினானா என்று தோன்றியது. பெட்டியைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகும். திறக்கவில்லை. வீட்டில் உன்னைக் கேட்டுக்கொள்ளலாம் என்று நோட்டில் குறித்தேன். வீட்டுக்கு வந்தபோது நீ அம்மாவோடு அத்தை வீட்டுக்குப் போயிருந்தாய். காலையில் நான் முதல் ஷிஃப்ட்.

காலையில் கார்டு போனது. அந்தப் பெட்டியைத்தான் எடுத்தேன். ஒட்டு இல்லை, ஆகவே புதுசு. நானே எழுதிய விதி, அதை நானே சந்தேகப்படுவதா? லைன் முழுவதையும் அணைத்து, கார்டை மாட்டி, மறுபடி போட்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, அண்ணியிடம்கூட. புதுக் கார்டு என்றால் எண் 99. லைன் இருபதுக்கு மேல் கூப்பிடாது. ஆகவே நான் எண் கொடுக்கும் வரை திரை கறுப்பாகவே இருக்க வேண்டும். கறுப்பாக இல்லை. போட்டதும் எழுந்து வந்தது, அத்தனை தொட்டிகளும் வரிசையாக. நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். ஒரு வேலை மிச்சம் என்று டீ ஊற்றிக்கொண்டேன். வரக் கூடாத திரை வந்திருக்கிறது, பார்த்துக்கொண்டே குடித்தேன். நான்கு நிமிடம். பிறகு கழுவும் பகுதியில் சத்தம் கேட்டது.

அதனால்தான் "நான்தான் போட்டேன்" என்றேன். நோட்டைக் கொடுத்திருந்தால் உன் பெயர் வரும். கூடவே அந்தக் கேள்விக்குறியும் வரும். தெரியாமல் செய்தவன் என்று இருப்பது, தோன்றியும் பார்க்காமல் விட்டவன் என்று இருப்பதைவிட லேசாக இருந்தது. இதில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன். பிரியவில்லை.

பெட்டியைக் கட்டியபோது அம்மா ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "கவனமா பாத்திருக்கக் கூடாதாடா?" நீ விசாரணையில் சொன்னதும் அதுதான். உன்மேல் கோபம் அதற்கு இல்லை. நீ அதைச் சொன்னபோது, இவன் டேப் ஒட்டினானா என்று அப்போதும் எனக்குள் அதே கேள்வி. இரண்டாவது முறையும் நான் உன்னைக் கேட்கவில்லை.

நோட்டைக் கிழித்துப் போடு. உனக்கு இருபத்தாறு வயது. உன் லைசென்ஸும் போனால் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது? நோட்டைக் கொடுத்தாலும் தொட்டி அக்காவின் கை பழையபடி ஆகாது. ஏப்ரல் 2-ஆம் தேதி நான் இங்கே மோட்டார் போட்டுக்கொண்டிருப்பேன்.

அண்ணன்

*

மார்ச் 29, சனி
காலை 7.20
நான்காவது கடிதம்

அண்ணா,

கிழிக்கவில்லை.

நேற்று மாலை ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்குப் போனேன். வரிசை இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததே அவருக்கு ஆச்சரியம். டேப் ஒட்டாதவன் நான்தான் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றும் சொன்னேன், அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. உன் கேள்விக்குறியைப் பற்றிச் சொல்லவில்லை. அது உன்னுடையது. நீ வந்து சொல், அல்லது சொல்லாதே.

அவர் நிறைய நேரம் சீட்டுக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் கேட்டார்:

"அப்ப நான் பாத்த பச்சை நிஜமாவே பச்சைதானே?"

பச்சைதான் என்றேன்.

"எங்க வீட்டுக்காரர் இன்னிக்கு வரைக்கும் நம்பலை. நீ சிவப்பைப் பச்சைன்னு பாத்திருப்பேங்கறார். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு தம்பி. கண் டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போனேன்."

இரண்டு வருஷமாக அவர் தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறார். நம்மில் யாரும் அவரிடம் போய், திரை தப்பு, உங்கள் கண் சரி என்று சொல்லவில்லை. விசாரணை அறிக்கையில் அது இருக்கிறது, நாற்பதாம் பக்கத்தில். அவருக்கு யார் அறிக்கை கொடுத்தார்கள்? எனக்கு இது தோன்றவே இல்லை. உனக்கும் தோன்றவில்லை. நாம் இரண்டு பேரும் பங்கு பிரித்துக்கொண்டிருந்தோம்.

எழுந்தபோது என் வெளிச்சீட்டை எழுதிக் கொடுத்தார். வழக்கம்போல மெதுவாக.

நோட்டைக் கிழித்தால் உனக்கும் எனக்கும் சரியாகப் போய்விடும். அவர் மறுபடி கண் டாக்டரிடம் போவார். அதனால் கீழே உள்ளபடி செய்யப்போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

1. இன்று: கதவில் இருக்கும் பழைய நகலைக் கிழித்துவிட்டுப் புதுப் பட்டியல் ஒட்டுவேன். 3 எடை மேடை. 21 புதுக் கம்ப்யூட்டர். 14-க்கு நேரே 'யாருக்கும் இல்லை' என்று எழுதுவேன். மானேஜர் கேட்டால் காரணத்தைச் சொல்வேன்.

2. இன்றே: ஸ்டோர் அலமாரியில் இருக்கும் எல்லாக் கார்டுகளையும் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். ஒட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ரசீது பக்கத்தில் நிற்பார்.

3. திங்கள்: திரையில் வால்வின் உண்மை நிலை வரும்படி மாற்றுவேன். இரண்டு ஒயர், ஒரு சுவிட்ச். இரண்டு வருஷம் முன்பே செய்திருக்கலாம்.

4. செவ்வாய்: அறிக்கையின் நாற்பதாம் பக்கத்தை நகலெடுத்துத் தொட்டி அக்கா வீட்டுக்குப் போவேன். அவர் வீட்டுக்காரர் இருக்கும் நேரம் பார்த்து.

5. புதன், ஏப்ரல் 2, காலை 11: வாரியத்தில் பதினொன்றாம் பக்கத்தைக் கொடுப்பேன். முழுப் பக்கமும், கேள்விக்குறியோடு. என் லைசென்ஸையும் எடுத்துப் போகிறேன், கேட்டால் கொடுக்க. நீ வந்தால் பக்கத்து நாற்காலி.

6. அம்மாவிடம் சொல்ல வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. நாளை ஞாயிறு, கேட்பாள். இந்த எண்ணை இப்போதைக்குக் காலியாக விடுகிறேன்.

7. புதன் மதியம் 2 மணிக்கு வாரியத்துப் பக்கமிருந்து உன் ஊருக்குப் பஸ் இருக்கிறது. நீ வராவிட்டால் அதில் ஏறி வருவேன். தாமதமாக வந்தாலும் நிற்பேன்.

தம்பி